இரண்டு விரல் அவுட்

1

இந்தக் கதை ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யார் செய்தது, என்ன செய்தார் என்பதை ஆறாம் பகுதிக்குள் சொல்லிவிடுவதாக உத்தேசம். தைரியம் சீக்கிரம் வந்துவிட்டால் ஐந்திலேயே சொல்வேன். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் தயவுசெய்து வாயைத் திறக்காமல் கூட வாருங்கள். நான் பதினெட்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தவன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சோம்போர் நகரம் வெண்பனிப் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது."

அடித்துவிட்டேன். அன்று பனியே விழவில்லை. பனி விழுந்தால் குளிர் கொஞ்சம் விடும் என்பது எங்களூரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நகரம் உறங்கவும் இல்லை. பாதிப் பேர் பேக்கரி வாசலில் பூரெக் என்ற சூடான பலகாரம் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்து: "தெசான்கா நேர்மையான பெண்."

இதையும் அடித்தேன். ஒருத்தியை நேர்மையானவள் என்று சொல்லித் தொடங்கினால், அடுத்த பக்கத்தில் அவள் எதைத் திருடப்போகிறாள் என்றுதான் நீங்கள் பார்ப்பீர்கள்.

மூன்றாவது தொடக்கத்தை விட்டுவைத்திருக்கிறேன்:

"மைனஸ் ஆறு டிகிரி. நான்கு டென்னிஸ் பந்துகளைக் கோட்டுக்குள், கம்பளிச் சட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே வைத்து நான் அடைகாத்துக்கொண்டிருந்தேன்."

கதையில் 'நான்' வரவே கூடாது என்றுதான் இருந்தேன். இது தெசான்காவின் கதை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டு நைசாக நழுவிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் பந்துகள் என் வயிற்றில் அல்லவா இருந்தன? குளிரில் பந்து செத்துப்போகும். தரையில் போட்டால் முழங்காலைத் தாண்டாது. அதனால் இரண்டு பந்து ஆட்டத்திலும் நான்கு பந்து யாராவது ஒருவர் வயிற்றிலும் இருக்கும். ஆடுகிறவர்கள் பக்கம் மாறும்போது பந்தையும் மாற்றிக்கொள்வார்கள். தொப்பை உள்ளவருக்கு இந்த வேலையைக் கொடுப்பது கிளப்பின் வழக்கம். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, பதினேழு குளிர்காலமாக, எனக்குத்தான் கொடுக்கிறார்கள்.

2

ஆட்டக்காரர்கள் இரண்டு பேர்.

தெசான்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வார்த்தையையும் மாத்திரை மாதிரி எண்ணித்தான் கொடுப்பாள். யகோதா அவளுக்கு ஒரு வயது இளையவள், பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியை. முதலில் கொட்டிவிட்டுப் பிறகு எண்ணுகிற ரகம். இருவரும் முப்பது வருடத்துக்கு மேலாக ஞாயிறு காலை பத்து மணிக்கு, கால்வாய் ஓரத்துக் கிளப்பின் முதல் களத்தில், வெட்டவெளியில் ஆடிவருகிறார்கள். ஊரின் மறுகோடியில் பெரிய கூடாரம் போட்டு, உள்ளே சூடுகாற்று ஊதி டென்னிஸ் நடத்துகிறார்கள். யகோதா ஒருமுறை அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "கூரைக்குக் கீழ ஆடினா அது டென்னிஸ் இல்ல. வைத்தியம்."

இருவரும் கூமா. யகோதாவின் மகள் நேதாவுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது மெழுகுவர்த்தி பிடித்து நின்ற ஞானத்தாய் தெசான்கா. அன்றிலிருந்து ஒருத்தியை ஒருத்தி 'கூமா' என்றே கூப்பிடுகிறார்கள். ரத்த உறவை முறித்தாலும் முறிக்கலாம், கூமா உறவை முறிக்கக் கூடாது. "கூமா என்ன சட்டைப் பொத்தானா, பிய்த்துவிட்டு வேறு தைத்துக்கொள்ள?" என்று இங்கே கேட்பார்கள்.

[இங்கே ஒரு விளக்கம் எழுதி நீக்கிவிட்டேன். நம்மூர் சம்பந்தி உறவோடு ஒப்பிட்டிருந்தேன். சம்பந்திகள் முறைத்துக்கொள்ளாமல் இருந்தால்தான் நம்மூரில் அதிசயம். ஒப்பீடு உதவவில்லை.]

அந்த நேதாவுக்கு இப்போது பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவம் ஆகி நாற்பது நாள் கழிந்து வரும் ஞாயிறன்று ஞானஸ்நானம். தெசான்காதான் இந்தக் குழந்தைக்கும் ஞானத்தாய். அது மட்டுமில்லை, பழைய வழக்கப்படி பெயரையும் அவளே சொல்ல வேண்டும். கோயிலில் பாதிரியார் கேட்கும்வரை தாய் தகப்பனுக்குக்கூடத் தெரியக் கூடாது. அதுவரை குழந்தை வெறும் 'பாப்பா'.

தெசான்கா பெயரை முடிவு செய்துவிட்டிருந்தாள். குழந்தை பிறந்தது என்று தொலைபேசி வந்த நிமிடமே முடிவு செய்தது. அது 'யகோதா'.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்கு இந்த ஒரு சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

3

எங்கள் களம் செங்கல்பொடி போட்ட செம்மண் களம். இந்த மண்ணில் பந்து விழுந்தால் வட்டமாய்த் தடம் விழும். நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ, உள்ளேயா வெளியேயா என்று அவர்தான் சொல்ல வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் தடத்தைக் காட்டி, மட்டை நுனியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் பேச்சு முடிந்தது. களத்தைப் பராமரிக்கும் ஸ்தோயன் இதை ஒரு வேதவாக்காகவே வைத்திருக்கிறார்: "மனுசன் பொய் சொல்வான். தடம் சொல்லாது."

குளிர்காலத்துக்கு ஸ்தோயனிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. மண் கல்லாய் உறைந்திருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். வெயில் அடித்து மேல்மண் இளகியிருந்தால் ஒரு கால்கூடப் படக் கூடாது. இளகிய மண்ணில் மிதித்தால் களம் உழுத வயல் ஆகிவிடும். மீறினவர் பெயரைப் பலகையில் எழுதிப்போட்டு ஒரு வருடம் வாசலிலேயே நிறுத்திவிடுவார். போன முறை எழுதப்பட்டவர் ஒரு பல் வைத்தியர். அவருடைய நோயாளிகளே வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிறு மண் கல்லாய்த்தான் இருந்தது. மூன்றாவது செட்டின் கடைசிக் கட்டம். ஒரு பாயிண்ட் எடுத்தால் யகோதாவுக்கு வெற்றி. நவம்பருக்குப் பிறகு அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஓடிவந்து, மூச்சு ஆவியாகப் பறக்க, நீளமாக ஓர் அடி அடித்தாள். பந்து தெசான்காவைத் தாண்டி, பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து, வேலியில் போய் முட்டியது.

"அவுட்" என்றாள் தெசான்கா.

யகோதா வலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கோட்டில் பட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். தெசான்கா பின்கோட்டுக்குப் போய்க் குனிந்து தேடினாள். தடம் இருந்தது. கோட்டைத் தாண்டி இரண்டு விரல் இடைவெளி. அளவெடுத்த மாதிரி, வட்டமாக. மட்டை நுனியால் அதைச் சுற்றி வட்டம் போடப் போனாள். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

[அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.]

யகோதா தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் ஒன்று சொல்கிறது, மண் ஒன்று சொல்கிறது. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"முப்பது வருசமா நீ இப்படித்தான் சொல்றே. நானும் போனாப் போகுதுன்னு குடுத்துக்கிட்டே இருக்கேன்."

தெசான்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ. மட்டையை உறையில் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். "தடம் அங்கதான் கிடக்குது. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். ஆட்டம் முடிந்து குடிக்க வைத்திருந்த சூடான ராகியாச் சாராயம் குடுவையில் அப்படியே இருந்தது. அதை நானும் ஸ்தோயனும்தான் குடித்தோம்.

4

ஒரு பந்துக்காகவா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். முதல் வரைவைப் படித்த என் மனைவி ராத்மிலா கேட்கவில்லை. அவள் இந்த ஊர்க்காரி.

சிக்கல் இதுதான். அந்தப் பந்து உள்ளே விழுந்தது என்று தெசான்கா ஒப்புக்கொண்டால், முப்பது வருடத்துத் திருட்டையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக ஆகும். தான் சொன்னது தப்பு என்று யகோதா ஒப்புக்கொண்டால், தன் கண்ணால் கண்டதையே இல்லை என்று சொன்னதாக ஆகும். பேச்சுவார்த்தை இல்லாத ஞானத்தாய் குழந்தையைக் கையில் ஏந்த முடியாது. கோயிலில் பொய்யாய்ச் சிரித்துக்கொண்டு நிற்க இருவருக்குமே தெரியாது. நேதா வேறு ஞானத்தாயைத் தேட வேண்டும். தேடினால் உறவு முறிந்தது என்று ஊருக்கே மேளம் கொட்டின மாதிரி.

தெசான்கா தினமும் மதியம் கடையைப் பூட்டியதும் கால்வாய்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கிளப்பின் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாள். குளிர் ஒரு நாள்கூட விடவில்லை. பின்கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, தடம் அப்படியே உறைந்து கிடந்தது. பார்த்ததும் நிம்மதி வரும்: நான் திருடி இல்லை. பாலத்தைத் தாண்டுவதற்குள் நிம்மதி போய்விடும். யகோதா வாயாடிதான், அவசரக்காரிதான். ஆனால் பொய் சொன்னதாக ஒருநாளும் இல்லையே.

இங்கே எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை யகோதா சொன்னதில் ஏதாவது இருக்குமோ? நல்ல கதையென்றால் நாயகிக்கு ஒரு கறை வேண்டாமா? எழுதிப் பார்த்தேன்:

"1994 கோடையில் ஒரு நாள், கோட்டின் விளிம்பைத் தொட்ட பந்தைத் தெசான்கா தெரிந்தே"

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. முடிக்கப் போவதில்லை. 1994 கோடையில் நான் இந்த ஊரிலேயே இல்லை. கதைக்கு உப்பு வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் மேல் கறை பூச, நான் ஏற்கெனவே செய்து வைத்திருப்பது போதாதா?

அவள் வேறு பெயர்களைத் தேடிப் பார்த்தாள். அது எனக்குத் தெரியும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள்: ஒல்கா, திமித்ரா, ஸ்லாவ்யானா. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் யாரோ ஒரு குழந்தையின் பெயராக இருந்தது.

5

தைரியம் இன்னும் வரவில்லை. அதனால் இதை எழுதினேன்:

"குளிர் விடப்போகிறது என்று வானொலி சொன்ன அன்று, தெசான்கா தனியாகக் களத்துக்குப் போனாள். கோட்டுப் பையில் ஒரு பழைய பந்து இருந்தது. ஏதோ யோசனையாக அதை மண்ணில் போட்டாள். பந்து எழும்பி உருண்டது. விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். தடம் இல்லை. மறுபடி ஓங்கிப் போட்டாள். இல்லை. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. கல்லாய் உறைந்த மண்ணில் எந்தப் பந்தும் தடம் பதிக்காது. அப்படியென்றால் அன்று அவள் காட்டிய தடம் அன்று விழுந்தது இல்லை. முந்தைய நாள் மண் இளகியிருந்தபோது யாரோ ஒரு"

யாரோ ஒரு. நன்றாகத்தானே இருக்கிறது? நாயகி தானே கண்டுபிடிக்கிறாள். நாலு பேர் முன்னால் யாருக்கும் அவமானம் இல்லை. அந்த 'யாரோ' முகமில்லாமல் மூலையில் நிற்கிறார். பத்திரிகைக்கு அனுப்ப உறைகூட எடுத்துவிட்டேன்.

ஒரே குறை, இது நடக்கவில்லை. முப்பது வருடம் செம்மண்ணில் ஆடியவளுக்குத் தடத்தைச் சந்தேகப்படத் தோன்றவே தோன்றாது. வேறு தரையில் ஆடிப் பழகியவர் கண்ணைத்தான் நம்புவார், அதனால் இந்தத் தப்பு அவருக்கு வராது. தடமே வேதம் என்று வளர்ந்தவர்களுக்கு மட்டும் வரக்கூடிய தப்பு இது. மட்டை நுனி கிறீச்சிட்டது, வட்டம் விழவில்லை. மட்டையே கீற முடியாத மண்ணில் பந்து எப்படிக் குழி போடும்? இரண்டு பெண்களும் ஸ்தோயனும் அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது.

6

அந்தத் தடம் என்னுடையது.

அப்பாடா. எழுதிவிட்டேன்.

முந்தைய நாள், சனிக்கிழமை, நல்ல வெயில். பிளஸ் மூன்று. தன் அக்கா வீட்டில் பன்றி வெட்டு என்று ஸ்தோயன் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். பதினேழு வருடமாகப் பந்தை அடைகாத்தே அலுத்துப்போனவன் நான். யாரும் பார்க்காத நேரத்தில் பழகிக்கொண்டு, ஒருநாள் எல்லோரையும் அசத்திவிட வேண்டும் என்று ஆசை. ஒரு வாளி பந்தோடு களத்தில் இறங்கினேன். மண் சதசதவென்று இருந்தது. தெரிந்தேதான் இறங்கினேன். இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் அடித்தேன். பாதி வலையில், பாதி வேலியில். ஒரே ஒரு பந்து மட்டும் அழகாய்ப் போய்ப் பின்கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி விழுந்தது. என் வாழ்நாளிலேயே நான் அடித்த சிறந்த அடி அது. அதுவும் அவுட்.

மண்ணைச் சமன்படுத்துகிற பாயை இழுத்து என் காலடித் தடங்களை மறைத்தேன். வேலிக்கு வெளியே சுற்றிப் போய், அந்தப் பக்கத்து மண்ணை மிதிக்காமல் வேலியோரமாகவே பந்துகளைப் பொறுக்கினேன். அந்தப் பக்கத்துக்கும் பாய் இழுக்கலாம் என்று நினைத்தபோது ஸ்தோயனின் மொபெட் சத்தம் பாலத்தில் கேட்டது. ஓடிவிட்டேன். அன்று மாலையே மண் இறுகிவிட்டது.

ஞாயிறன்று மட்டை கிறீச்சிட்ட நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் எனக்குப் பக்கத்திலேயே ஸ்தோயன் நின்றார். பல் வைத்தியரின் பெயர் இருந்த பலகை எதிரே தொங்கியது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் என்பது தள்ளித் தள்ளிப் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது நாள், புதன்கிழமை, வானொலி சொன்னது: வெள்ளிக்கிழமை தெற்கத்திக் காற்று வருகிறது, எல்லாம் உருகும். வெட்கக்கேடு, எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. தடம் கரைந்துவிட்டால் நான் தப்பித்தேன்.

அன்று மாலை பேக்கரி வாசலில் நேதா தள்ளுவண்டியோடு நின்றாள். பாப்பாவுக்குப் பேர் என்ன என்று ராத்மிலா குனிந்து கொஞ்சிக்கொண்டே கேட்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாயில் வந்துவிட்டது. "பேரு கூமா வாயில இருக்கு அக்கா. கூமா வாயைத் திறக்க மாட்டேங்கறா" என்றாள் நேதா. சிரிக்கத்தான் முயன்றாள். கண்ணீர் வந்துவிட்டது, குளிரால் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ராத்மிலா என்னை ஒருமுறை பார்த்தாள். "அந்தச் சனிக்கிழமை உன் ஷூவுல செம்மண்ணு அப்பியிருந்துச்சே. நீ எங்க போயிருந்தே?"

வியாழன் காலை கடை திறந்ததும் மருந்துக்கடையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் இருமலோடு மூன்று பேர். என் முறை வந்தது.

"தலைவலியா, மாப்பிள்ளே?" என்றாள் தெசான்கா. இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியதால் ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடும்.

"இல்ல. அந்தத் தடம் என்னோடது."

அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பின்னால் இருமியவர்கள் இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தெசான்கா திட்டவில்லை. ஒவ்வாமை இருக்கிறதா என்று விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை மணிக்கு, மண் எவ்வளவு ஈரம், எந்தப் பக்கம் நின்று அடித்தாய். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கியபின் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டாள். அவளுடைய மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"அப்ப அவ பொய் சொல்லல" என்றாள்.

'நான் திருடி இல்லை' என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளுக்கு முதலில் வந்தது இது. பதினெட்டு நாளாக அவளைத் தின்றது எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலையைத் தூக்கவே முடியவில்லை.

7

பதினைந்து நிமிடத்தில் வருகிறேன் என்ற அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டின் மேலேயே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளப்புக்கு நடந்தாள். இருமல்காரர்களில் ஒருவர் கூடவே வந்தார். மருந்தைவிட இது நன்றாக இருக்கிறது என்றார்.

பள்ளிக்கூடம் விடுமுறை, யகோதா வீட்டில் இருந்தாள். கிளப்புக்கு வரச் சொல்லி நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். தெசான்காவும் அங்கே இருக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை. வந்தவள் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வந்து ஒரே ஒரு பந்தைக் கையால் ஓங்கித் தரையில் அடித்துப் பார்க்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டே வந்தாள், அடித்தாள், குனிந்து பார்த்தாள். இன்னொன்று அடித்தாள். மண்டியிட்டு, விரலால் மண்ணைத் தடவினாள். நகம்கூட இறங்கவில்லை. பிறகு பின்கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த என் தடத்தைப் போய்ப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொன்னேன். அது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது.

"உறைஞ்ச நிலத்துல ஈட்டியே இறங்காதுன்னு ஆறாம் வகுப்புக்கு நானே பாடம் நடத்துறேன்" என்றாள் யகோதா, மண்டியிட்டபடியே. "வருசா வருசம்."

"பந்தை நான் சரியாப் பாக்கல" என்றாள் தெசான்கா. "அவுட்னு தோணுச்சு, சொன்னேன். தடத்தைப் பாத்ததும் அடிச்சுப் பேசிட்டேன். உன்னை நம்பாம மண்ணை நம்பினேன்."

"நான் சொன்னது மட்டும் என்னவாம்? போனாப் போகுதுன்னு குடுத்தேனாம்." யகோதா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "ஒண்ணுகூடக் குடுத்ததில்ல கூமா. ஒவ்வொண்ணுக்கும் சண்டை போட்டுத்தானே வாங்கினேன். தோத்துத் தோத்து வயிறு எரிஞ்சுது, அதான் வாயில என்ன வந்துச்சோ சொல்லிட்டேன்."

'கூமா' என்ற சொல் வந்துவிட்டது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதில் பலகையில் எழுதியிருக்கிறேன். தீர விசாரிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டும் என்று யாரும் சேர்த்து எழுதவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஸ்தோயன் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. பலகையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"பேரு எழுத மாட்டேன்" என்றார். "உன் பேரை எழுத எனக்கு எழுத்துக்கூட்ட வராது. மார்ச்சுல ஒரு லாரி செம்மண்ணு வருது மாப்பிள்ளே. அள்ளிப் போட உனக்கு ஒரு மண்வெட்டி எடுத்து வச்சிருக்கேன்."

தலையாட்டினேன். சந்தோஷமாகத்தான் ஆட்டினேன்.

அப்போது தெசான்கா சொன்னாள், அந்தப் பாயிண்ட்டை மறுபடி ஆடலாம் என்று. இன்றைக்கே, இப்போதே, நாளை உருகிவிடும். ஒரே ஒரு பாயிண்ட். யாரிடமும் மட்டை இல்லை. ஸ்தோயனின் அறையில் கிடந்த இரண்டு பழைய மட்டைகள் வந்தன, ஒன்றில் நரம்பு அறுந்திருந்தது. பந்தை நான் வயிற்றில் வைத்துச் சூடேற்றினேன். இருமல்காரர் நேரம் பார்த்தார். வெள்ளைக் கோட்டு குளிர்க்கோட்டுக்குக் கீழே படபடக்கத் தெசான்கா அந்தப் பக்கம் போனாள். யகோதா வீட்டுச் செருப்பில், கம்பளிக் காலுறையோடு இந்தப் பக்கம். ஆறு அடி, ஏழு அடி, பந்து போய்ப் போய் வந்தது. எட்டாவதாக யகோதா, அன்றைக்கு மாதிரியே, ஓடிவந்து நீளமாக ஓர் அடி அடித்தாள்.

பந்து உயரே எழுந்து, பின்கோட்டை நோக்கிப் போகிறது. அது அங்கேயே இருக்கட்டும். நாம் கோயிலுக்குப் போய் வந்துவிடலாம்.

8

ஞாயிறன்று எல்லாம் உருகி ஊரே சொட்டிக்கொண்டிருந்தது. கோயிலில் முப்பது பேர். நான் தூணுக்குப் பின்னால். தெசான்கா ஒரு கையில் குழந்தை, மறுகையில் மெழுகுவர்த்தி என்று நிமிர்ந்து நின்றாள். மருந்துச் சீட்டு அவளிடம் இல்லை. பெயர் என்ன என்று பாதிரியார் கேட்டார்.

"யகோதா" என்றாள் தெசான்கா.

"என்ன கூமா?" என்றாள் யகோதா, கூட்டத்திலிருந்து.

யாருக்கும் ஒரு நிமிடம் விளங்கவில்லை. பாதிரியாரும் திரும்பி அவளைப் பார்த்தார். "உன்னைக் கூப்பிடல" என்று தெசான்கா திரும்பாமலே சொன்னாள். "பாப்பாவைக் கூப்பிட்டேன்."

அதன் பிறகு யகோதா அழுதுகொண்டே சிரித்தாள். நேதா பிடித்துக்கொண்டாள். கோயிலில் சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்று இங்கேயும் ஒரு வழக்கம் உண்டு. அன்று அது நடைமுறையில் இல்லை. பாப்பா யகோதா மட்டும் தலையில் தண்ணீர் விழுந்த கோபத்தில் பாட்டியின் குரலிலேயே கத்தினாள்.

[இது நான் இட்டுக்கட்டியதா என்று ராத்மிலா கேட்கமாட்டாள், அவள் அங்கே இருந்தாள். நீங்கள் இல்லாததால் நம்பித்தான் ஆக வேண்டும். என் சாட்சியத்துக்கு இந்தக் கதையில் எவ்வளவு மதிப்பு என்பதும் உங்களுக்குத் தெரியும்.]

9

பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது. இறக்கிவிடலாம்.

அது கீழே வந்தது. பின்கோட்டுக்கு மிக அருகே விழுந்தது. எழும்பியது, வேலியில் முட்டியது. மண்ணில் ஒன்றும் பதியவில்லை. தெசான்கா குனியவில்லை, தேடவில்லை. விழுந்த இடத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வலைக்கு அந்தப் பக்கம் மூச்சிரைக்க நின்ற தன் கூமாவைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். யகோதா சிரித்த சிரிப்பில் கால்வாய் ஓரத்து மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்தன.

அந்தச் சொல்லை நான் சொல்வதாக இல்லை. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். உள்ளே என்றாள், யகோதா ஜெயித்தாள். அவுட் என்றாள், யகோதா மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டாள். தெரியல என்றாள், மறுபடி ஆடினார்கள், அட்டையில் சொன்ன பதினைந்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றிலும் அந்தக் காக்கைகள் எழுகின்றன. மூன்றிலும் எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது.

மேலும், தடத்துக்குச் சாட்சி சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை.

கிளப்பின் விதி உங்களுக்குத் தெரியும். நடுவர் கிடையாது. யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் சொல்ல வேண்டும். பந்து விழுந்திருப்பது இந்தப் பக்கத்தில், இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இதே பக்கத்தில். குனிந்து தேடாதீர்கள், தடம் இல்லை. எதிரே நிற்பவள் உங்களை நம்புகிறாள்.

சொல்லுங்கள்.